வெளுத்த வாரம்

எங்கள் வீட்டுக் காலண்டரில்
அமாவாசைக்கும் முகூர்த்தத்துக்கும் மேல்
என் சிவப்புப் பேனா ஓடியிருக்கும்.
ஏற்றிய நாள்.
ஏற்ற வேண்டிய நாள்.

ஏற்றிய மறுநாளிலிருந்து
சுபிக்ஷா மாடிப்படியில் ஓடுவாள்.
பத்து நாள் போனால் நடப்பாள்.
அப்புறம், "அம்மா, இந்தப் பையக் கொஞ்சம் பிடி."
மூன்றாம் வாரம்
அவள் காதுமடலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன்,
கடையில் பழம் பார்க்கிறவள் மாதிரி.

எங்கே போவதென்றாலும் சிவந்த வாரத்தில்தான் போவோம்.
பொருட்காட்சிக்காரர்கள்
எங்களைக் கேட்டா தேதி வைக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரியில்
கையில் குத்தி சாம்பிள் எடுத்துவிட்டு,
பிறகு சொன்னார்கள்:
"காலேஜெல்லாம் லீவும்மா. குடுக்கப் பசங்க இல்ல.
அடுத்த செவ்வா பாப்போம்."

ஞாயிறு கடைசி நாள்.
"அப்ப டைனோசரு?" என்றாள்.
ஒச்சப்பன் என்னைப் பார்த்தார்.
நான் காலண்டரைப் பார்த்தேன்.
"தூக்கிக்கிறேன்" என்றார்.

மாட்டுத்தாவணிப் பக்கத்து மைதானம்.
வாசலில் புறங்கையில்
ஊதா முத்திரை குத்தினார்கள், ஒரு குட்டி டைனோசர்.
சாம்பிள் எடுத்த நீலத்துக்கு மேலேயே விழுந்தது.

உள்ளே போனதும் பேரீச்சம்பழக் கடை.
"பாப்பா வெளுத்துருக்கே.
தெனம் ரெண்டு குடுங்க, ரத்தம் ஊறும்."
ஊறாது அண்ணே.
அவளுக்குள் இரும்பு ஏற்கெனவே அதிகம்,
அதை இறக்கத்தான் தினம் காலையில் மாத்திரை கரைக்கிறேன்.
இதை எத்தனை கல்யாண வீட்டில்
எத்தனை முருங்கைக்கீரைக்குச் சொல்லியிருப்பேன்.
அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.
நான் தின்றேன்.

முதல் டைனோசர் வரை நடந்தாள்.
இரண்டாவதுக்கு அப்பா தோள்.
உடனே ரித்தீஷ், "எனக்கும் கால் வலிக்கு."
வலிக்கவில்லை, எனக்குத் தெரியும்.
ஆறு வயதில் அவன் கற்ற முதல் பொய்,
அதையும் எங்களிடம்தான் கற்றான்.
இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

மூன்றாவதுதான் பெரியது.
கழுத்தை ஆட்டி, வாயைத் திறந்து,
கர்ஜிக்கப் போகும்போது
கரண்ட் போனது.

தலை மெல்லத் தொங்கியது.
கண்ணில் இருந்த சிவப்பு பல்பு அணைந்தது.
ராட்டினத்தில் மேலே மாட்டியவர்கள்
சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கத்தினார்கள்.
கூட்டம் முழுக்க அப்படியே தரையில் உட்கார்ந்தது.
அவளுக்கு அதில் ஒரு திருப்தி.
"இப்ப எல்லாருக்கும் முடியல" என்றாள்.

தகரத் தடுப்புக்குப் பின்னால்
பனியன் போட்ட பையன் ஒருவன்
செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
கேனை உயரத் தூக்கிப் பிடித்து
குழாய் வழியாக ஜெனரேட்டருக்கு டீசல் விட்டான்.
அவள் தோளிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுக்கும் ஏத்துறாங்களாப்பா?"

ஒச்சப்பன் இருமுவதுபோல் ஏதோ செய்தார்.
நாங்கள் மாமன் மகனும் அத்தை மகளும்.
இரண்டு பக்கமும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்று
அந்த டாக்டர் தாளில் வரைந்து காட்டிய நாளிலிருந்து
அவர் இருமல் இப்படித்தான்.

ஜெனரேட்டர் உதறிக்கொண்டு எழுந்தது.
கண் சிவந்தது.
கழுத்து நிமிர்ந்தது.
ரித்தீஷ் அலறி என் தோளைக் கடித்தான்.
அவள் மட்டும் கணக்குப் பார்த்தாள்:
"எனக்கு நாலு மணி நேரம்.
இதுக்கு அஞ்சே நிமிசம்.
ஏமாத்துது."

திரும்பும் ஷேர் ஆட்டோவில்
இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.
டெல்லி அப்பளம் பாதி என் மடியில் நொறுங்கிக் கிடந்தது.
காய்ச்சல் இருக்கிறதா என்று
அவள் நெற்றியை மூன்று தடவை தொட்டேன்.
அவர் ஐந்து தடவை.

செவ்வாய்க்கிழமை ரத்தம் வந்திருந்தது.
நர்ஸ் கையைத் திருப்பி, தட்டி, நரம்பு தேடினார்.
குளிக்கும்போது பாலிதீன் பை கட்டிக் காப்பாற்றிய டைனோசர்
இன்னும் அழியாமல் நின்றது.

"அதுல குத்தாதீங்க சிஸ்டர்" என்றாள்.
மற்றக் கையை நீட்டினாள்.