எச்சரிக்கைதான், பிழையல்ல

குரோனிங்கனில் அந்த நவம்பர் முழுக்க
மழை சாய்ந்தே பெய்தது.
கால்வாயோரம் சைக்கிள் கடைக்கு மேலே
எங்கள் கம்பைலருக்கு இரண்டு அறை,
ஒரு ஹீட்டர், ஆறு பேர்.
வரும் மின்னஞ்சல்களைப் பிரித்து வைப்பது நான்.
சம்பளம் கிடையாது. கடவுச்சொல் உண்டு.

வீபே பிடித்த பிடி ஒன்றுதான்:
பாதி வழியில் உருவாகும் மரத்தைக்
கோப்பில் எழுதவே கூடாது.
"எழுதினால் எவனாவது எடுத்துக்கொண்டுபோய்
பூட்டிய சரக்கோடு ஒட்டுவான்."

பொய்யில்லை.
ஒரு கம்பெனி ஒட்டிப் பார்த்தது,
வக்கீல் கடிதம் கண்டதும்
மூலநிரலைக் கொடுத்துவிட்டுப் போனது.
அன்று கேக் வெட்டினோம்.

ஆக, வாசல் வைக்காமல் வீடு கட்டினோம்.
புதிதாக வந்தவர்கள்
சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

சீட்ஸ்கே போன்ஸ்ட்ரா வாசல் வைத்தாள்.
தனி ஆளாக, நான்கு வருடம்.
பிறகு எழுதினாள்:
"முழுவதையும் உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறேன்,
பிழைகள் உட்பட.
பல்கலைக்கழகம் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டது.
உரிமம் உங்களுடையதே இருக்கட்டும்.
ஜனவரிக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

அந்த வாரம்தான் எங்களுக்குள்
"அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு"
என்ற நான்கு சொல்லுக்கு அடிதடி.
ரென்ஸ்கே தன் கோப்பையைத் தனி அலமாரியில் வைத்தாள்.
வீபே மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.
இந்த நேரத்தில் இதைக் காட்டுவானேன் என்று
'பிறகு' என்றொரு பெட்டி திறந்து
அதில் போட்டேன்.

மார்ச்சில் தெற்கே ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது.
அவள் நிரலில் இப்போது வேறு உரிமம்:
யாரும் எடுக்கலாம்,
திருப்பித் தர வேண்டாம்.
எடுத்தார்கள். தரவில்லை.

பதினொரு வருடம் கழித்து
ஆண்ட்வெர்ப்பில் ஏதோ கூட்டத்தில்
வீபேயிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இரவில் போன் செய்தார்.
"அப்படியொரு கடிதம் நமக்கு வரவே இல்லையே?
வந்திருந்தால் சரியென்றிருப்பேன்."

சரியென்றிருப்பாரா?
வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு
வீட்டை வாங்கிக்கொண்டிருப்பார் என்றும் தோன்றுகிறது.
தெரியாது.

"தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.
தேடுவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியில்
இருப்பதே அந்த ஒரு கடிதம்.

இன்றும் எங்கள் கம்பைலரை ஓட்டினால்
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் முணுமுணுக்கும்:
மாறி அறிவிக்கப்பட்டது,
எங்கும் பயன்படுத்தப்படவில்லை.
அதற்காக நிற்காது.
மிச்சத்தையும் பெயர்த்து முடித்து
ஓடக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்துவிடும்.