பசைத் தண்ணி

நூற்றிருபது நோட்டீஸ், ஒரு வாளி, ஒரு பிரஷ்,
அரைக் கிலோ மைதா.
எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
பசை காய்ச்சத் தண்ணீர்?
"தெருவுல கேட்டு வாங்கிக்கய்யா" என்றார் குலசேகரன் சார்.
சொன்னது பிறகுதான் அவர் காதிலேயே விழுந்ததுபோல
மேஜைமேல் இருந்த கால் பாட்டிலை
என் பக்கம் லேசாகத் தள்ளினார்.
அவர் குடித்த மிச்சம்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில். வேலை இல்லாமல் எண்ணினேன்,
நாற்பத்தாறு டேங்கர்.
அத்தனையும் எண்ணெய்.
"ஒண்ணாவது தண்ணியா இருக்கக் கூடாதா"
என்றார் பக்கத்தில் பைக்கில் காலூன்றி நின்றவர்,
யாரிடமும் இல்லாமல்.

முதல் வீட்டில் டிவி சத்தம் மட்டும் குறைந்தது,
கதவு திறக்கவில்லை.
இரண்டாம் வீட்டில் நேற்று லாரி வரவில்லையாம்,
அதை நான்தான் வரவிடவில்லை என்பதுபோல் சொன்னார்கள்.
அடிபம்பை நாற்பது தரம் அடித்தேன்.
ஒரு இருமல், கொஞ்சம் மஞ்சள், மண்ணெண்ணெய் வாசனை.
அதில் பசை காய்ச்சினால் பற்றிக்கொள்ளும்.

அமுலு வீட்டு வாசலில் எட்டுக் குடம்.
தட்டு போட்டு மூடி, தட்டின்மேல் கல் வைத்து.
"மொதல்ல காட்டு, இன்னா ஒட்டப்போறேன்னு."
சத்தமாகப் படித்தார், விரல் வைத்து.

குடிநீர்க் குழாயில் மோட்டார் பொருத்தக் கூடாது.
"கொழாயில காத்துதான் வருது.
மோட்டார் வெச்சா பொயல் வரும்."

குடிநீரால் வாகனங்களைக் கழுவக் கூடாது.
"எங்க ஊட்டுக்காரரு மீன்பாடி வண்டிய
காசிமேட்டுலயே கடல்தண்ணியில கழுவிட்டு வந்துடுவாரு.
துருப்பிடிச்சு அடியில ஓட்டை.
அத்த எழுதலியா உங்க ஆபீசர்?"

ஒரு குடும்ப அட்டைக்கு எட்டுக் குடம்.
இங்கே மட்டும் குரலை இறக்கினார்.
"கொடம்னா எந்தக் கொடம்?"
வண்ணாரப்பேட்டை கடைகளில் புதுசாக வந்திருக்கிறதாம்,
வயிறு புடைத்த குடம்,
கழுத்து அதே கழுத்து, விலை மட்டும் அறுபது கூட.
எதிர்வீட்டில் எட்டும் அந்தக் குடம்.
எதிர்வீட்டோடு மூன்று நாளாகப் பேச்சில்லை.

நீரை வீணாக்குவோர் மீது கீழ்க்கண்ட எண்ணில்
பொதுமக்கள் புகார் செய்யலாம்.
படித்துவிட்டு உள்ளே போனார்.
கடைசிக் குடத்துக் கல்லை எடுத்து, தட்டை எடுத்து,
ஒரு சொம்பு.
விளிம்பு தட்டாமல் என் வாளியில் சரித்தார்.
"இப்ப யாரு மேல புகாரு, உன் மேலயா என் மேலயா?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
டீக்கடை அடுப்பில் காய்ச்சி இறக்கினேன்.
தண்ணீர் குறைவு, பசை களி மாதிரி வந்தது.
துத்தம் கலக்க வேண்டும், மாடு வாய்வைக்காமலிருக்க.
துத்தத்துக்கு இந்த மாதம் பில் பாஸாகவில்லை.

மே மாதச் சுவர் பசையை உறிஞ்சும் வேகம்,
அந்தச் சுவரும் எத்தனை நாள் தாகமோ.
ஓரம் ஒட்டுவதற்குள் நடுவில் உப்பும்.
எண்பத்தொன்பது சுவர் ஒட்டிவிட்டுத் திரும்பினால்
ரேஷன் கடைச் சுவரில் ஒரு பழுப்பு மாடு
நோட்டீஸைக் கீழிருந்து உரித்துத் தின்கிறது.
புகார் எண் போயிற்று.
எட்டுக் குடம் போயிற்று.
மோட்டார் மட்டும் பாக்கி, நாக்கு எட்டவில்லை.
தின்றுவிட்டு அடிபம்பின் வாயில் மூக்கை வைத்து நின்றது.
விரட்ட பிரஷை ஓங்கினேன்,
ஓங்கியபடியே கொஞ்ச நேரம்.

மிச்சம் முப்பத்தொன்றைச் சுருட்டிக்கொண்டேன்.
பசை மூடிய கையோடு பஸ் ஏறினேன்.
கழுவ எங்கே கேட்பது,
கேட்டால் அதையும் எந்த விதியில் சேர்ப்பது.
கண்டக்டர் சில்லறையை உள்ளங்கையில் வைக்காமல்
சீட்டின்மேல் வைத்தார்.

டோல்கேட் வருவதற்குள் காய்ந்துவிட்டது.
பாம்புச் சட்டைபோல விரல் விரலாக உரித்தேன்.
இடது உள்ளங்கைப் படலம் கிழியாமல் முழுசாக வந்தது.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
மை ஏறியிருந்தது,
கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிப்போய்:
சிக்கன.
மீதி எழுத்து
எந்தச் சுவரிலோ.