உதை வாங்கியது

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தானே திறந்துகொண்டு வரும்.
சேணம் தைக்கும் அன்செல்மோ
டேப்பை வாயில் கவ்வியபடி கேட்டார்:
"சரியாக எந்த இடம்?"

வலது அடிவயிறு. தழும்பின் அடியில்,
முதுகுப்பக்கம் போகாமல்
முன்வாசலிலேயே தங்கிவிட்ட
மூன்றாவது சிறுநீரகம்.
டேக்வாண்டோ மார்க்கவசம்
அதற்கு நாலு விரற்கடை மேலேயே முடிந்துவிடுகிறது.

டாக்டர் வேண்டாம் என்றார்.
பிறகு, வேண்டவே வேண்டாம் என்றார்.
பிறகு, தடிமன் எவ்வளவு என்று கேட்டார்.

குதிரைச் சேணத்தின் பழைய தோல்,
உள்ளே ஹாக்கி முழங்கால் காப்பில் பாதி,
ஓரமெல்லாம் ஆட்டுரோமம்.
கட்டிக்கொண்டு நின்றால்
ஒருபக்கம் மட்டும் கர்ப்பமானவள் மாதிரி.

இக்னாசியா முதல் சுற்றில்
என் வலப்பக்கம் காலையே தூக்கவில்லை.
இரண்டாம் சுற்றிலும்.
"அடிடி" என்றேன்.
அடித்தாள்.
தோல் டப்பென்றது.
உள்ளே சத்தமில்லை.

தந்தவன் ஒஸ்வால்தோ.
விவாகரத்தாகி ஆறு வருடம்.
மாதம் ஒருமுறை செய்தி வரும்: "எப்படி?"
எங்கள் ஸ்பானிஷில் அவன் எழுதும் அந்த வினைக்கு
'அது'வும் ஒன்றுதான், 'நீங்க'ளும் ஒன்றுதான்.
எதைக் கேட்கிறான் என்று
நான் கேட்டதில்லை.

இன்று பதில் போட்டேன்:
உதை வாங்கியது.
அழவில்லை.