காரணம் என்ற நிரல்

கொழும்பிலிருந்து படிவம் வந்தது மாங்குளத்துக்கு.
முதலில் மின்னஞ்சலில்,
பிறகு கூரியரில், லேமினேட் பண்ணிய அட்டையோடு:
பன்முகத்தன்மையும் உள்வாங்கலும், முதலாம் ஆண்டு.
மனிதவளப் பிரிவில் நான் ஒருத்திதான்.
மற்றக் கதிரையில் பிறின்ரர் இருக்கிறது.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.
இனம், மதம், பால், வயது, வலுவிழப்பு.
ஊசி ஓட்டிய கைகள் பேனையை அமத்திப் பிடிக்க
ஒருத்தியின் 'சரி' அடுத்தவளின் தாளிலும் பதிந்தது.

முத்துராக்கு வந்து நின்றாள்.
"இனம் எண்ட இடத்தில என்ன போட, மிஸ்?
அப்பா எழுபத்தேழில வந்தவர்.
நான் இஞ்சதான் பிறந்தனான்.
இன்னும் எங்களைத் தோட்டக்காட்டார் எண்டுதான் சொல்லினம்.
அதுக்குக் கட்டம் இருக்கா?"

றிஸ்னாவுக்குத் தெரியவேண்டியது சின்ன விஷயம்:
தொழுகைக்குப் போகும் எட்டு நிமிடம்
மணித்தியால இலக்கில் கழிபடுமா?
எழுதிக் கேட்டிருக்கிறேன். மூன்று மாதமாகிறது.

எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடவேண்டும் என்று சுற்றறிக்கை.
ஒரே மேசைதான்.
தண்ணீர்ப் போத்தல் மட்டும் ஆளுக்கொன்று,
ஆருடையதை ஆர் தொடுவதில்லை என்பது
பெயர் எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.
அதற்கொரு நிரலைக்
கொழும்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
எனக்குத் தோன்றியது. நானும் கேட்கவில்லை.

வலுவிழப்பு என்ற கட்டத்தில் இருபத்தேழு 'சரி'.
பக்கத்து நிரல்: காரணம்.
இருபத்தேழு பேரும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்,
உருண்டையாக, சரிவாக, எறும்பு போல.
விபத்து.
ஒருத்தி 'வீபத்து' என்று நெடில் போட்டிருந்தாள்.
திருத்த மனம் வரவில்லை.

தலைமையகம் கவலைப்பட்டது.
உங்கள் கிளையில் விபத்து வீதம் மிக அதிகம்.
அனுப்பினார்கள்:
வீதிப் பாதுகாப்புப் பயிலரங்கு, அரை நாள்.
ஹெல்மெற், இருபத்தேழு.

குருநாகலிலிருந்து வந்த பெடியன் நல்லவன்.
கழுத்துப்பட்டி காற்றாடியில் அலைய
சிங்களத்தில் சொன்னான், நான் தமிழில் சொன்னேன்:
வீதியைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பாருங்கள்.
பிறகு இடப்பக்கம்.
மீண்டும் வலப்பக்கம்.

பதினோராம் லைன் சசிரேகா
செயற்கைக் காலை நீட்டிக்கொண்டு, சத்தமாய்:
"மேல பாக்கச் சொல்லேல்லையோ?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது.
பெடியனும் சிரித்தான்,
என்ன சொன்னா, என்று என்னைப் பார்த்தான்.
உங்களுக்கு நன்றி சொல்லுறா, என்றேன்.

கடைசி வரிசையில் ஒருவர் சிரிக்கவில்லை.
மெக்கானிக் ரத்நாயக்கவுக்குத் தமிழ் விளங்கும்.
எங்கே பழகினார் என்று ஒருவரும் கேட்டதில்லை.
இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார்.
அவருடைய படிவத்தில், வலுவிழப்பு: இல்லை.

அடுத்த நாள் ஒரு துண்டுப் பாலைப் பலகையோடு வந்தார்.
"எந்தக் கால்?"
"வலது."
வேறு கதையில்லை.
குனிந்து, மிதிபலகையின் கீழ் பொருத்தி,
ஒருதரம் மிதித்துப் பார்க்கச் சொன்னார்.
தையல் நேராக ஓடியது.
கிழமை முடியமுன் ஏழு இயந்திரத்துக்குப் பலகை.
சசிரேகா நன்றி சொல்லவில்லை.
தண்ணீர் குடிக்கிறீரோ என்று கேட்டாள்,
போத்தலை நீட்டாமல்.

முன்வாசலில் சாய்தளம் கட்டியாயிற்று.
ரிப்பன் வெட்டிய படம் நாட்காட்டியில் வந்தது.
மலசலகூடத்துக்கு இன்னும் மூன்று படி.
மழை நாளில் அந்தப் படிகளில்
சசிரேகா பின்பக்கமாய்த் திரும்பி இறங்குவாள்,
சுவரைப் பிடித்து, எண்ணிக்கொண்டு.

ஆண்டறிக்கை கேட்கிறார்கள்:
உங்கள் கிளையின் வெற்றிக்கதை, இருநூறு சொற்களில்.
பாலைப் பலகை, ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஏழு.
இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.
நிரலில்லாத தாளொன்று இருந்தால்
மிச்சத்தையும் எழுதலாம்.

ஹெல்மெற்றுகளைப் பற்றியும் விசாரித்திருந்தார்கள்.
பெரும்பாலும் அண்ணன்மாரின் தலையில்.
சசிரேகாவுடையதில் வைக்கோல் போட்டு
ஒரு கோழி அடையிருக்கிறது.
பதினொரு முட்டை.
வலப்பக்கமும் பார்க்கிறது, இடப்பக்கமும்,
பருந்தின் நிழல் விழுந்தால் மேலேயும்.