இரண்டு காதும் தெரிய

மூதூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து
கொழும்பின் ஓரத்தில், பத்தரமுல்லையில்
இறங்கும்போது பையில் இரண்டு ரோல்.
ஒன்று மரக்கறி.
மற்றது கறுப்பு வெள்ளை.
முப்பத்தாறில் முப்பதை
மச்சாள் றெஜினா தன் நாய்க்கே செலவழித்திருந்தாள்.
"மிச்சம் ஆறையும் முடிச்சிட்டுக் குடு,
கொட்டாஞ்சேனையில ஒராள் கழுவித் தருவார்."

பாஸ்போட் கந்தோரில்
என் டோக்கன் நானூற்றிப் பன்னிரண்டு.
பலகையில் அப்போதுதான் தொண்ணூற்றேழு.
படம் எடுக்கும் பெடியன்
என் தலைமயிரை இரண்டு விரலால் ஒதுக்கி
இரண்டு காதும் தெரிய வேண்டும் என்றான்.
சிரிக்கக் கூடாது என்றான்.
பின்னால் நீலம், முன்னால் நான்.
காதுகள், கூப்பிட்டதற்காக வந்த சாட்சிகள் மாதிரி
இரு பக்கமும் நின்றன.

வெளியே மதிலுக்குப் பின்னால்
ஒரு பிலாமரம் தனியாகக் குலுங்கியது.
காற்றில்லை.
காவலாளி குலசிங்க
பிளேன்டீயிலிருந்து தலையெடுக்காமல்
"வந்துரா" என்றார்,
பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புவதைச் சொல்வதுபோல.

கடுவன்.
கரி முகம். அதைச் சுற்றி
மழிக்க மறந்த வெள்ளை.
இலையை இரண்டு கையாலும் பிடித்து
நடுநரம்பை மட்டும் விட்டுவிட்டுத் தின்றான்.

முதல் படத்தில் கிளை.
அடுத்ததில் வால்,
வால் மட்டும்,
யாரோ காயப்போட்ட ஈரத் துவாய் போல.
மூன்றாவதற்குக் குறுக்கே ஓர் ஆட்டோ.

குலசிங்க எழுந்து வந்து
கமெராவின் முதுகில் படத்தைத் தேடினார்.
வெறும் தகடு.
இப்போது தெரியாது என்பதற்கு
என் சிங்களத்தில் சொல் இருந்தது.
எப்போது தெரியும் என்பதற்கு இருக்கவில்லை.
"கலர் நெத்த?"
நெத்த.

அதன் பிறகுதான் உறைத்தது.
முகம் ஊதா என்று
இவனுடைய பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.
நான் கண்ட ஊதா
நாவற்பழம் தின்ற நாக்களவு,
வெயில் சரிந்த ஒரு விநாடி.
என் பிலிமில் பிலா இலையும் அந்த முகமும்
ஒரே சாம்பலாய் விழும்.
பெயரைக் கழற்றி வைத்துவிட்டு
ஆளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கிளை முடிகிற இடத்தில்
கரண்ட் கம்பி தொடங்குகிறது.
உறை இல்லாத கம்பி.
அவன் பின்னங்காலில் அமர்ந்து தூரத்தை அளந்தான்.
வெளிச்சம் சரி. தூரம் சரி. விரல் பட்டனில்.
குலசிங்க என் முழங்கையைத் தொட்டு
போன மாதம் ஒன்று, என்று
கையை உயர்த்தி
விரித்து
கீழே விட்டார்.
அதற்கு எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை.
கமெராவை இறக்கிவிட்டேன்.

பாய்ந்தான்.
நாங்கள் மூச்சு விட்டபோது
அவன் மதிலில் இருந்தான்,
கம்பி சும்மா ஆடிக்கொண்டிருந்தது.
இவ்வளவு கிட்ட வருவான் என்று
நான் லென்ஸைத் திருகி வைத்திருக்கவில்லை.
திருகி முடியும்வரை காத்திருந்தான்.
நேரே பார்த்தான்.
சிரிக்கவில்லை.
யாரும் ஒதுக்காமலே
இரண்டு காதும் தெரிந்தன.

கடைசி இரண்டும் குலசிங்கவுக்கு.
தொப்பியைக் கழற்றி ஒன்று, போட்டு ஒன்று.
இரண்டிலும் பல் தெரியச் சிரித்தார்.

உள்ளே போனபோது பலகையில்
நானூற்றி முப்பத்தொன்று.
கவுன்டரில் இருந்த பெண்
எங்கே போனீர்கள் என்று கேட்டாள்.
படம் எடுக்க, என்றேன்.
அதைத்தான் காலையிலேயே எடுத்தாயிற்றே என்றாள்.
நாளைக்கு வரச் சொன்னாள்.

கொட்டாஞ்சேனையில் ஈரச் சுருளை
யன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார் கழுவுகிறவர்.
நாய், நாய், நாய், நாய்,
கிளை, வால், ஆட்டோ.
அதற்கடுத்து
எல்லாம் தலைகீழான நெகட்டிவில்
கறுத்த வானத்தின் கீழே
வெளுத்த முகமும் கறுத்த தாடியுமாய்
ஒருவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"இந்த ஆளுக்கு எத்தனை கொப்பி?"