மூன்றாவது குழாய்

ஜுபைலில் இரவு பதினொன்றரைக்கு வந்த முதல் குழாயில்
ட்ரோபோனின் முப்பத்தெட்டு.
"வாயுவாத்தான் இருக்கும், மத்தியானம் பரோட்டா" என்றார்
கிரேன் ஓட்டும் ஜெபஸ்தியான்.
மனைவியிடமும் போனில் அதையே சொன்னார்.

மூன்று மணி நேரம் கழித்து
நானூற்றுப் பன்னிரண்டு.
மெஷின் கோளாறு என்று நினைத்து
மறுபடி வைத்தேன்.
நானூற்றுப் பதினைந்து.

செத்துக்கொண்டிருக்கும் தசை
ரத்தத்தில் கசிந்து கணக்குச் சொல்லும்.
எந்த நாளத்தில் அடைப்பு, எத்தனை சதவீதம்
என்று மட்டும் சொல்லாது.
அதற்கு ஆஞ்சியோ.
ஆஞ்சியோவுக்கு இன்ஷூரன்ஸ்காரன் ஒப்புதல்.
அவன் கேட்பது அடுத்த எண்.

விடிகாலை ஊசியோடு குனிந்தபோது
கையை நீட்டியபடி கேட்டார்:
"இந்த நம்பர் கம்பெனிக்கும் போகுமா தம்பி?
இகாமா புதுப்பிக்க இன்னும் பதினெட்டு நாள்தான்."

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
அறுபது மீட்டர் உயரத்து இரும்பை
நூல் பிசகாமல் இறக்குகிற விரல்கள்
பஞ்சைத் தவறவிட்டன.
நானே பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது குழாய்
சுழன்றுகொண்டிருக்கிறது.
நிற்க இன்னும் நான்கு நிமிடம்.

ஒன்பது வருஷமாக இந்த மெஷினோடு இருக்கிறேன்.
என் ரத்தத்தை
ஒருமுறைகூட வைத்துப் பார்த்ததில்லை.