முப்பதாவது நொடி

மகாதேவபுரா, நாலாவது மாடி, இரவு பதினொன்றேகால்.
பலகையில் கேமரா கண் திறக்கிறது.
திரையில் ஷரணப்பாவின் மீசை.
எண்ணுகிறோம்
இருபத்தெட்டு, இருபத்தொன்பது
முப்பதில் அணைந்துவிடுகிறது.

பன்னிரண்டாம் முறை. மீசைக்கே அலுத்துவிட்டது.

மீட்டர் முனையைக் கடுகளவு மின்தேக்கியில் ஊன்றி
அவர் கன்னடத்தில் வாசிக்கிறார்:
எரடு பாயின்ட் எண்டு.
எரடு பாயின்ட் எண்டு.
சொன்னே.
அவருக்கு அது பூஜ்யம்.
எனக்கு மட்டும்
அப்போதே சொன்னேனே என்று கேட்கிறது.

கெர்னல் கம்பியைப் பார்ப்பதில்லை, ஏட்டைப் பார்க்கிறது.
எந்தச் சாதனத்துக்கு எந்த மின்வழி
பெயருக்குப் பெயர் பொருந்த வேண்டும்.
மின்வழி இன்னும் எழவில்லையா, அப்புறம் வா என்று
வரிசையின் வாலுக்கு அனுப்பும்.
பெயரே ஏட்டில் இல்லையா
பதிவேட்டில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு
பொம்மை மின்சாரம் ஒன்றைக் கையில் திணிக்கும்.
டிரைவரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு
வேலையைத் தொடங்கிவிடும்.

நிஜமான இரண்டே முக்காலே சொச்சம் வோல்ட்
பூட்லோடர் போகிறபோக்கில் எரியவிட்டுப் போனது.
முப்பது நொடி பொறுத்து
கெர்னல் அறை அறையாகப் போய்க் கேட்கிறது:
இது யாருக்கு?
பதிலில்லை.
அணைக்கிறது.

குல்கர்ணியின் செய்தி வருகிறது:
எப்போதும் எரியட்டும்னு ஒரு வரி போடு, காலையில் டெமோ.
போடலாம்தான்.
சாதனம் தூங்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும்,
திட்டு அடுத்த மாதம் வரும்.

பன்னிரண்டரைக்குக் கிடைத்தது.
சென்சாரின் கையேட்டில் அந்தக் காலுக்கு ஏவிடிடி,
அதையே நான் ஏட்டில் எழுதினேன்.
டிரைவர் கூப்பிடுவதோ வானா என்று.
ஒரே கம்பி, இரண்டு பெயர்,
நடுவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
என் முன்னெழுத்தை விரிக்கச் சொல்லி விரித்ததில்
அடையாள அட்டையில் நான் பொன்னுரங்கம்.
கீழே செக்யூரிட்டி அப்பாவைக் கூப்பிடுகிறார்,
நான் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பெயரை மாற்றினேன். மறுபடி பூட்.
முப்பது. முப்பத்தொன்று. யாரும் மூச்சுவிடவில்லை.
நாற்பத்தி நாலில்
திரை கறுத்தது.

ஷரணப்பா, மீட்டர்!
எரடு பாயின்ட் எண்டு, என்கிறது இருட்டு.
எரடு பாயின்ட் எண்டு.

அணைந்தது கேமரா அல்ல, கூரை விளக்குகள்.
இவ்வளவு நேரம் யாரும் அசையாததால்
இந்தத் தளத்தில் ஆளில்லை என்று
கட்டடம் முடிவு செய்திருக்கிறது.

அவர் மீட்டரை வைத்துவிட்டு
இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.